எத்தனை நடை?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளியில் தெற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் புதுமடம். மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் ஊர். கச்சான் காற்று பலமாக வீசும் நாட்களில் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. கரையில் தென்னை நிழல் தேடி வலை பொத்த உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் மத்தியானம், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரும் அவருடைய அக்கா மகனும் கிழிந்த திருக்கை வலையை விரித்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

மருமகனுக்கு நாற்பது வயது. கொஞ்ச நேரம் வேலை பார்ப்பார். பிறகு கைபேசியை எடுத்துப் பார்ப்பார். அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வேட்டைக் காணொளி. அமெரிக்காவின் அலாஸ்காவில், மாட்டைவிடப் பெரிய ஒரு மான். மூஸ் என்று பெயர். அதைச் சுட்டுவிட்டு, இறைச்சியை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் ஒரு வெள்ளைக்காரர் நடந்துகொண்டிருந்தார். பத்து அடி நடப்பதும் நிற்பதுமாக இருந்தார்.

"மாமா, இதைப் பாருங்களேன்" என்று நீட்டினார்.

பெரியவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மானின் கொம்பு எவ்வளவு அகலம் என்றும் கேட்கவில்லை.

"எத்தனை நடையாம்?"

மருமகனுக்குக் கேள்வி சட்டென்று புரியவில்லை. "அவ்வளவு கறியையும் ஒரே தடவையிலயா தூக்க முடியும்? எத்தனை தடவை போய் வந்தானாம்னு கேக்குறேன்" என்றார் பெரியவர்.

அது சுமந்தவர் கேட்கும் கேள்வி. வளர்ந்த ஆண் மூஸ் ஐந்நூறு, அறுநூறு கிலோவுக்கு மேலும் இருக்கும். தோல், குடல், எலும்பெல்லாம் போக இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தேறும். ஓர் ஆள் ஒரு நடையில் நாற்பது கிலோ சுமப்பதே பெரிய பாடு. மூன்று கிலோமீட்டர் தள்ளி விழுந்த விலங்கை ஒருவர் ஆறு நடையில் கொண்டுவந்தால், சுமையோடு பதினெட்டு கிலோமீட்டர், வெறுங்கையோடு திரும்பியது பதினைந்து, ஆக மொத்தம் முப்பத்து மூன்று கிலோமீட்டர். சாலை கிடையாது. சதுப்பும் புதரும்தான். ரத்த வாடைக்குக் கரடி வரும். சுட்டது ஒரு நொடி வேலை. மிச்சமெல்லாம் சுமக்கிற வேலை.

அங்கே அதற்குச் சட்டமும் இருக்கிறது. சாப்பிடத் தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் குற்றம். கொம்பை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிடவும் முடியாது; இறைச்சி வெளியே வந்த பிறகுதான், அல்லது கடைசி நடையோடு சேர்த்துத்தான், கொம்பு வர வேண்டும். அதனால் அனுபவப்பட்ட வேட்டைக்காரர்கள் விலங்கைக் கண்டதும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. அது நிற்கிற இடத்துக்கும் தங்கள் படகுக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் பார்ப்பார்கள்.

மருமகன் இதையெல்லாம் காணொளியில் கேட்டபடி சொல்லச் சொல்ல, பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எங்க உம்மா சொன்னதுதான்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. ஊசியை எடுத்து நாலு கண்ணி போட்டார். பிறகுதான் ஆரம்பித்தார்.

அறுபதுகளின் தொடக்கம். அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்போது இந்தக் கரையில் ஆவுளியா பிடிபடுவது பெரிய விசேஷம். ஆவுளியா என்பது கடல்பசு. கடலுக்கடியில் புல் மேய்ந்து, மூச்சு விட மேலே வந்து, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. உறவுமுறை பார்த்தால் மீனைவிட யானைக்குத்தான் நெருக்கம். வளர்ந்தது பத்தடி நீளம் வரை இருக்கும். நானூறு கிலோவும் எடை காட்டும். கறி மாட்டுக்கறி போல இருக்கும் என்பார்கள். அன்று அதைப் பிடிக்கத் தடை கிடையாது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வலையில் விழுந்ததைக் கரைக்குக் கொண்டுவந்து விற்பதும் தின்பதும் சாதாரணமாக நடந்தது.

"வள்ளத்துல ஏத்த முடியாது. ஏத்துனா வள்ளம் சாஞ்சிரும். பக்கத்துல கட்டி இழுத்துக்கிட்டுத்தான் வரணும்" என்றார் பெரியவர். கரைக்கு வந்தாலும் வீட்டருகே வந்து சேராது. காற்றும் நீரோட்டமும் எங்கே ஒதுக்குகிறதோ அங்கேதான். ஏற்றத்தில் அலையோடு அலையாக உருட்டி மணலில் ஏற்ற வேண்டும். வற்றத்தில் மாட்டிக்கொண்டால் இருபது பேர் கயிறு போட்டு இழுத்தாலும் அசையாது. தென்னோலையைக் கீழே பரப்பி, அங்கேயே வைத்து அறுப்பார்கள். விரல் தடிமனுக்குத் தோல். அதற்குக் கீழே கொழுப்பு. எலும்பு கல் மாதிரி கனக்கும்.

பிறகு கூறு போடுவார்கள். வள்ளத்துக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு, போன ஆட்களுக்கு ஆளுக்கொன்று. கயிறு பிடித்தவருக்கு உண்டு. ஆண்துணை இல்லாத வீடுகளுக்கும் ஒதுக்குவார்கள். சுமந்தவர்களுக்குத் தனியாகச் 'சுமந்த பங்கு' உண்டு. ஒரு வீடு தனியாகத் தூக்கவும் முடியாது, தனியாகத் தின்று தீர்க்கவும் முடியாது. பனிக்கட்டி கிடையாது. வெயில் ஏறுவதற்குள் கறி வீடு சேர வேண்டும். சேர்ந்ததில் பாதியை உப்பில் போட வேண்டும். அதனால்தான் அது எல்லோருக்கும் போனது. மனசு பெரிசா இருந்ததா என்பது அப்புறம். கனம் பெரிசாக இருந்தது.

ஆண்கள் கம்பில் கோத்துத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் வைத்து நடப்பார்கள். பெண்கள் சும்மாடு வைத்து ஓலைப்பெட்டியில் சுமப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குச் சாக்கு. "ஈரச் சாக்கு முதுகுல ஒட்டிக்கும். ரத்தமும் நெணநீரும் கால் வரைக்கும் ஒழுகும். கால் வைக்க வைக்க மணல் உள்ளே இழுக்கும். ஒரு அடி முன்னால வச்சா அரை அடி பின்னால போகும். வீட்டுக்குப் போய் எறக்கி வச்சா உடம்பு மேல பறக்கற மாதிரி இருக்கும். அந்தச் சுகத்துல மறுபடி ஓடுவோம்" என்று சிரித்தார்.

"நீங்க எத்தனை நடை மாமா?"

"அன்னைக்கு நாலு நடை. அதோட காலு விட்டுப்போச்சு."

அன்றைக்கு என்று அவர் சொன்னது ஒரு குறிப்பிட்ட நாள். அன்று வலையில் இரண்டு விழுந்திருந்தன. பெரியது ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று. பெரியது அப்போதே செத்திருந்தது. சின்னதற்கு உயிர் இருந்தது. விட்டுவிடலாம் என்று வள்ளத்தில் ஒருவர் சொன்னாராம். வந்ததை ஏன் விட வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஊரை விட்டு ரொம்ப தூரம் தள்ளிக் கரை ஒதுக்க வேண்டி வந்தது. வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அன்று பார்த்துப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். பாதி ஆட்கள் அங்கே போயிருந்தார்கள்.

பெரியதை அறுத்து முடித்து, சுமக்க ஆரம்பித்து, இரண்டு நடை போவதற்குள் எல்லோரும் களைத்துவிட்டார்கள். சின்னதை அரைகுறையாக அறுத்தார்கள். நல்ல கறியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, அடுத்த நடையில் வந்து மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஓலையைப் போட்டு மூடினார்கள். அடுத்த நடைக்கு ஆள் இல்லை. அசருக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது நாய்கள் முந்திக்கொண்டிருந்தன. கறி நிறம் மாறியிருந்தது.

"காத்து அந்தப் பக்கத்துல இருந்து அடிக்கும்போதெல்லாம் நாத்தம் ஊருக்குள்ள வரும். ஒரு வாரம். வீட்டுல சட்டி நெறையக் கறி கொதிக்குது. வாசல்ல அந்த நாத்தம்" என்றார் பெரியவர். அவருடைய உம்மா அன்று கறியைத் தொடவில்லை. திட்டவுமில்லை. ராத்திரி வாப்பா சாப்பிட்டு எழுந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தூக்க முடியாததைப் பிடிக்கக் கூடாது."

வாப்பா பதில் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகும் அந்தக் கரையில் ஆவுளியா பிடிபட்டது. வாப்பாவும் பங்கு வாங்கினார். ஆனால் கயிறு பிடிக்கப் போகும்போதெல்லாம், "ஆள் இருக்கா?" என்று முதலில் கேட்பாராம்.

மண்டபத்தில் அப்போது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1959இல் அங்கே ஒரு ஜோடி கடல்பசுவை உயிரோடு வைத்து வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அது எப்படி மேய்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று விஞ்ஞானிகள் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சில மைல் தள்ளிக் கரையில் அதைக் கூறு போட்டுக்கொண்டும் இருந்தார்கள். இரண்டுமே இந்தக் கரையில்தான் நடந்தன.

கரையில் இருந்தவர்களுக்கு அன்று தெரியாதது ஒன்று உண்டு. கடல்பசு மீனைப் போல முட்டையிட்டுப் பெருகும் உயிரல்ல. சினைக்காலமே ஒரு வருடத்துக்கு மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குக் குறைந்தது மூன்று வருடம், சில நேரம் ஏழு வருடம் வரை. ஒரு நாளில் அறுத்த இரண்டைக் கடல் திருப்பித் தர எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. சாக்கின் கனம் முதுகுக்குத் தெரிந்தது. கடலின் கணக்கு தெரியவில்லை.

அந்தக் கணக்கு தெரியாமல் ஓர் இனமே போன கதையும் உலகத்தில் உண்டு. 1741இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் பெரிங் தீவில் ஒரு கப்பல் கரைதட்டியது. அதில் இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு கடல்பசுவைப் பார்த்து எழுதிவைத்தார். நம் கடல்பசுவுக்கு உறவுதான். ஆனால் பல டன் எடை. ஈட்டி எறிந்து, கரையில் ஒரு கூட்டமே நின்று கயிற்றை இழுத்தால்தான் கரை சேரும். பட்டினி கிடந்த மாலுமிகளை அந்தக் கறிதான் காப்பாற்றியது. செய்தி பரவி மற்ற வேட்டைக் கப்பல்களும் வந்தன. அடிபட்டுக் கரை சேராமல் கடலில் போய்ச் செத்தவையும் ஏராளம். 1768க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. எழுதிவைத்த நாளிலிருந்து 27 வருடம்.

இங்கே அவ்வளவு தூரம் போகவில்லை. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடல்பசு இருப்பது அதன் முதல் அட்டவணையில். புலி, யானைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. வேட்டையாடினால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. 1986இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்குக் கடல்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். வலையில் சிக்கியதை உயிரோடு விட்ட மீனவர்களை அழைத்துப் பாராட்டிப் பரிசும் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியவர் கதையைச் சொன்னது இந்தச் சட்டங்களுக்காக அல்ல. அவர்கள் பொத்திக்கொண்டிருந்த வலைக்காக.

மூன்று வாரத்துக்கு முன்னால் மருமகனும் இன்னொருவரும் விடியற்காலையில் வலை வாங்கப் போனார்கள். முந்தின நாள் சாயங்காலம் விட்ட திருக்கை வலை. இரண்டு பாகம் ஆழம்தான் இருக்கும். இழுக்க இழுக்கக் கனத்தது. பெரிய திருக்கை என்றே நினைத்தார்கள். அருகில் வந்ததும் தண்ணீருக்கு மேலே 'புஸ்' என்று ஒரு மூச்சு. திருக்கை அப்படி மூச்சு விடாது.

வாலில் வலை சுற்றியிருந்தது. தலை மட்டும் எப்படியோ மேலே எட்டிக்கொண்டிருந்தது. கடல்பசுவால் சில நிமிடங்களுக்கு மேல் மூச்சை அடக்க முடியாது. முழுசாகச் சுற்றியிருந்தால் ராத்திரியே செத்திருக்கும். சிக்கெடுக்கப் பார்த்தார்கள். அது திமிறத் திமிற வலை இறுகியது. ஒரு தடவை வால் அடித்ததில் வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறியது. கூட வந்தவர், "அறுத்துடுங்க காக்கா" என்றார். மருமகன் கத்தியை எடுத்தார். மூன்று இடத்தில் அறுக்க வேண்டியிருந்தது. கடைசிக் கயிறு விட்டதும் அது அவசரப்படவில்லையாம். ஒரு மூச்சு எடுத்துவிட்டு அப்படியே கீழே இறங்கிப் போனதாம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கேட்ட முதல் கேள்வி வலையைப் பற்றி. அதில் தப்பில்லை. இருபதாயிரத்துக்கு மேல் போட்டு வாங்கிய வலை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் போட்டது. பிடிக்கிற மீனை அவருக்கே கொடுத்துக் கழிக்க வேண்டும். "பிடிச்சா ஜெயிலு. விட்டா கடனு. நாம என்னதான் செய்யிறது?" என்று அவர் கேட்டதற்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், "யார் பாத்தா? பேசாம இருந்திருக்கலாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு மூன்று வாரமாக மருமகனுக்குள் கிடந்தது. தான் செய்தது சரியா, வெறும் பயமா என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. பெரியவரிடம் அதைக் கேட்கவும் கூச்சம். அந்தக் காலத்தில் கறி சுமந்தவராயிற்றே, சிரிப்பாரோ என்று.

பெரியவர் சிரிக்கவில்லை. கதையை முடித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒன்னா, ரெண்டா?"

"ஒன்னுதான் பாத்தேன் மாமா. சுத்தி இன்னொன்னு இருந்துச்சான்னு தெரியல. விடியல அப்ப."

பெரியவர் தலையசைத்தார். "நீ பயந்தே அறுத்திருந்தாலும் சரிதான். அன்னைக்கு எங்க வள்ளத்துல ஒரு ஆளு பயந்திருந்தாக்கூட சின்னது போயிருக்கும்" என்றார். பிறகு, "கரைக்குக் கொண்டாந்திருந்தா என்ன செஞ்சிருப்ப? யாரைக் கூப்பிட்டுச் சுமக்கச் சொல்லியிருப்ப? அன்னைக்கு ஊரே வந்து நின்னுச்சு. இன்னைக்கு ராத்திரியில ஒளிஞ்சு ஒளிஞ்சு தூக்கணும். சுமந்த பங்குன்னு ஒருத்தனுக்குக் கொடுக்க முடியுமா? ஆண்துணை இல்லாத வீட்டுக் கதவைத் தட்டி நீட்ட முடியுமா? நாலு பேருக்குக் காட்டித் தூக்க முடியாததும் தூக்க முடியாததுதான்" என்றார்.

மருமகன் ஒன்றும் சொல்லாமல் கண்ணியைப் போட்டுக்கொண்டிருந்தார். கடனைப் பற்றிப் பெரியவர் பேசவில்லை. பேசினால் தீர்ந்துவிடுகிற விஷயமில்லை அது. ஆனால் காலையில் வரும்போதே தன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய வலைத் துண்டு இரண்டைத் தோளில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அறுத்த இடத்தில் அதைத்தான் வைத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள். நிறம் ஒத்துப்போகவில்லை. நீல வலையில் பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. திருக்கைக்கு நிறம் தெரியப்போவதில்லை என்றார் பெரியவர்.

சாயங்காலம் காற்று கொஞ்சம் அடங்கியது. வலையை மடித்துக் கட்டினார்கள். மிதவையும் ஈயமும் கயிறுமாகக் கனமான கட்டு. வள்ளம் நிற்கிற இடம் அங்கிருந்து முந்நூறு அடி தூரம் இருக்கும், எல்லாம் மணல். மருமகன் கட்டை அசைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை நடை மாமா?"

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "ரெண்டா பிரிச்சுக் கட்டு. நீ பெரிசு, நான் சிறிசு. ஒரே நடைதான்" என்றார்.